ஏழு வண்டியும் ஒரு செவலையும்

சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிய வருஷம், ஆவடி டிப்போவின் பின்பக்கத்து வெட்டவெளியில் மோட்டார் சைக்கிள்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் பச்சை வண்ணம் பூசிய பட்டாளத்து வண்டிகள். ஒன்றுக்கு முன் சக்கரம் இருக்காது, இன்னொன்றுக்கு எஞ்சினே இருக்காது. பர்மா பக்கம் போய்த் திரும்பியவற்றில் சேறு காய்ந்து செங்கல்லாக ஒட்டியிருந்தது. பழைய இரும்பு என்று அவற்றை ஏலம் விட்டபோது, முத்தாபுதுப்பேட்டை வேம்புலி மூன்று வண்டிகளைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

அவன் அந்த டிப்போவின் பட்டறையில் நாலு வருஷம் பிட்டருக்குக் கையாளாக இருந்தவன். சண்டை நின்றதும் அந்த வேலையும் நின்றது. அவன் தகப்பன் காலம் வரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்து, வரப்பு வெட்டி அண்டை கழித்தவர்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையில்தான் வேம்புலி ஸ்பேனர் பிடிக்கப் பழகினான். இரண்டு மாதம் வீட்டுக்குப் பின்னால் கீற்றுப் பந்தலில் உட்கார்ந்து மூன்று வண்டியையும் பிரித்து ஒன்றாக்கினான். அவன் பெண்சாதி கன்னியம்மா நடவுக்கும் களைக்கும் போய்வந்து அடுப்பெரிய வைத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொரு சாமானாகத் துடைத்துக் கொடுப்பாள். எது பிளக், எது கார்புரேட்டர் என்று அவளுக்கும் தெரியும்.

அவள் தம்பி கோவிந்தனும் அந்த வீட்டில்தான் இருந்தான். தாய் தகப்பன் வாந்திபேதியில் போனபிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அக்கா புருஷனைப் பார்த்து அவனும் உடைந்த வண்டி ஒன்றை வாங்கிச் சேர்த்துக்கட்டினான். இப்படியே சுற்றுவட்டாரத்தில் ஏழு வண்டிகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று, பட்டாளத்தில் தபால் கொண்டுபோன நாகப்பனுடையது. இன்னொன்று பெரிய வீட்டுக் கங்காதரனுடையது. கன்னியம்மா நடவு நட்டது அவர்கள் நிலத்தில்தான். கங்காதரன் வண்டி மட்டும் உடையாத வண்டி. சத்தம் கம்பீரமாக வரட்டும் என்று சைலன்சரை அறுத்துப் போட்டிருந்தான். அவன் முத்தாபுதுப்பேட்டையில் உதைத்தால் பருத்திப்பட்டில் தூளியில் கிடக்கிற குழந்தை விழித்துக்கொள்ளும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். ஏழு பேரும் மாதம் முழுக்கச் சேர்த்துவைத்து ஒரே ஒரு நாள் கூட்டமாகக் கிளம்புவார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களே என்று வேம்புலி சொல்வான். காற்று முகத்தில் அடிக்க, முன்னும் பின்னும் ஆறு வண்டி ஓட, ஏழாவதாகத் தன் கையால் செய்த வண்டி அவற்றோடு ஓடுவதைக் கேட்கும்போது அவனுக்குப் பாட்டு வரும். அந்தச் சத்தத்தில் பாடினால் யாருக்கும் கேட்காது என்பதும் அவனுக்கு வசதிதான்.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர் குளத்தில் முழுக விடியலிலேயே கிளம்பினார்கள். ரோடு முழுக்கக் கட்டைவண்டிகள், நடந்துபோகிற ஜனங்கள். கங்காதரன் முன்னால் பறந்தான். அவனை விடக்கூடாது என்று மற்றவர்களும் பறந்தார்கள். போனார்கள், முழுகினார்கள், சுண்டல் வாங்கித் தின்றார்கள், திரும்பி வந்தார்கள். வீட்டில் மொச்சைக்கொட்டை போட்ட கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள் கன்னியம்மா. கோவிந்தனுக்கு உயிர் அது. அன்றைக்கு இரண்டு கவளத்தோடு கையைக் கழுவிவிட்டான். வெயிலில் அலைந்த களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாசி பிறந்ததும் கோவிந்தனுக்குத் திருநின்றவூரில் பெண் பேசினார்கள். பெண் பெயர் நாகவல்லி. தகப்பன் துலுக்கானம் ஒற்றை மாட்டு வண்டி ஓட்டுகிறவர். தாய் இல்லாத பெண், வண்டி மாட்டைத் தானே குளிப்பாட்டித் தீனி வைக்கிறவள், கொஞ்சம் வாய் உண்டு என்று பார்த்துவந்தவர்கள் சொன்னார்கள். வாய் இருந்தால்தான் நம் வீட்டுக்குச் சரி என்றான் வேம்புலி. ஒரு புதன்கிழமை காலை தட்டில் பாக்கு வெற்றிலை, தேங்காய், பூ வைத்துக்கொண்டு ஆவடியில் ரயிலேறிப் போனார்கள்.

துலுக்கானம் வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். ஏரி மீன் வறுத்துச் சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டு மாற்ற உட்கார்ந்தபோது, கையில் என்ன கட்டு என்று வேம்புலி வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டான். துலுக்கானம் சாவதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். தை அமாவாசை அன்று வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நெமிலிச்சேரி தாண்டியதும் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் கூட்டம் வந்திருக்கிறது. ஒன்று உரசிக்கொண்டு போக, அதன் பின்னாலேயே அத்தனையும் வர, மாடு மிரண்டு வண்டியோடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. வைக்கோலுக்கு அடியில் இவர். மாட்டுக்கு நுகத்தடி இழுத்துக் கழுத்தில் காயம். வழியில் போன ஜனங்கள்தான் தூக்கிவிட்டார்கள்.

வேம்புலியின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. அது யார் கூட்டம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சொல்லவா, வேண்டாமா என்று அவன் பெண்சாதி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோவிந்தன் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தான்.

"மாமா, அந்தக் கூட்டத்துல கடைசி வண்டி நான்தான்."

துலுக்கானம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி வுழுந்தத பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"நின்னா முன்னாடி போனவங்க கண்ணுக்கு மறஞ்சிடுவாங்கோன்னு... போயிட்டேன் மாமா."

அவர் கத்தவில்லை. நல்ல கையால் தட்டை மெதுவாக வேம்புலி பக்கம் தள்ளினார். "நெசத்த சொன்ன. அது வரைக்கும் நல்லது. எடுத்துகினு போங்க."

வாசல்படிக்கு உள்ளே நின்றிருந்த நாகவல்லி, அதுவரை தலையைக் குனிந்திருந்தவள், அப்போதுதான் நிமிர்ந்து கோவிந்தனை நேராகப் பார்த்தாள். கோபமா வேறெதுவா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தட்டோடு ரயிலேறித் திரும்பினார்கள். மறுநாள் காலை வேம்புலி வண்டியை உதைத்தான். பத்து முறை உதைத்தும் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தால் பிளக் இல்லை. கோவிந்தன் வண்டியிலும் இல்லை. அடுப்படியில் கன்னியம்மா கேழ்வரகுக் கூழ் துழாவிக்கொண்டிருந்தாள்.

"பிளக்க இன்னா மே பண்ணே?"

"மொளகாப் பானையில கீது."

"வெளயாடாத. குடு."

"குடுக்கறேன். ஒன்னு சொல்லு. முன்னாடி போனியே, பின்னாடி ஒருத்தன் வரானா இல்லியான்னு எத்தினி தபா திரும்பிப் பாத்த?"

வேம்புலி யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. ஒரு தடவைகூட இல்லை என்றான்.

"அப்ப அது கூட்டமா? ஏழு பேரு தனித்தனியா ஓடினு இருந்தீங்க. என் தம்பி நின்னிருந்தா நீங்க யாரும் நின்னிருக்க மாட்டீங்க. அத தெரிஞ்சிதான் அவன் நிக்கல." கூழைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் முன் வைத்தாள். "அவன் மேல தப்பு கீது. அவன் மேல மட்டும் இல்ல."

மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போகாமல் தனியாகத் திருநின்றவூர் போனாள். துலுக்கானம் வெளியே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பற்றிப் பேசத்தான் வந்தாயா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இல்ல மாமா. மாட்ட பாக்க வந்தேன்."

அவர் எதிர்பார்க்காத பதில் அது. எழுந்து கொட்டகைக்கு அழைத்துப் போனார். செவலை நல்ல வாட்டசாட்டமான காளை. கழுத்துப் புண்ணுக்கு நாகவல்லி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தாள். காயம் ஆறிக்கொண்டுதான் வந்தது.

"கை ஒடஞ்சா சேந்துடும்மா," என்றார் துலுக்கானம். "இவனுக்குத்தான் மனசு ஒடஞ்சி போச்சி. எங்கனா தூரத்துல டப்டப்புன்னு ஒரு சத்தம் கேட்டா போதும், ரோட்டுல கால வெக்க மாட்டேன்றான். நொகத்தடிய கண்டாலே பின்னாடி போறான். ரோட்டுல லாரி வருது, பஸ்ஸு வருது, நான் இன்னான்னு பொழைக்கறது? அடிமாட்டுக்கு குடுத்துடுன்றான் ஒருத்தன். நாலு வருஷமா கூட இருக்கறவன எப்படிக் குடுப்பேன்?"

கன்னியம்மா செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றாள். எந்தச் சத்தம் கெடுத்ததோ அந்தச் சத்தமே சரி பண்ணட்டும், எனக்கு ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டாள். எப்படி என்று அவர் கேட்டார். புதிதாக ஏரில் பூட்டுகிற கன்றை எப்படிப் பழக்குகிறார்கள், அப்படித்தான் என்றாள். அவர் குனிந்து செவலையின் கழுத்துப் புண்ணைப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து நாகவல்லிதான் சொன்னாள்: "கடலப் புண்ணாக்குன்னா உசுரு அவனுக்கு. வரப்ப எடுத்துகினு வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் வேம்புலியின் கீற்றுப் பந்தலில் கூடினார்கள். அவள் வேர்க்கடலை வேகவைத்து முறத்தில் கொட்டி நடுவில் வைத்தாள். நடந்ததை வேம்புலி சொன்னான். நாகப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். பட்டாளத்தில் வரிசை விட்டால் தண்டனை உண்டு, இங்கே வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று என்றான். கங்காதரன் மட்டும் கடலையை உரித்துக்கொண்டே, மாடு மிரண்டால் ரோட்டில் போகிறவன் என்ன செய்வான் என்று கேட்டான்.

கன்னியம்மா முறத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நாளைக் காலை அவன் வீட்டு வயலில் அவள் இறங்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"சின்னய்யா, உங்க வயல்ல கட்டு தூக்கிகினு நாங்க பதினஞ்சி பொம்பளைங்க வரப்புல போறோமே, எப்படி போறோம்னு பாத்திருக்கீங்களா?"

அவன் பார்த்ததில்லை என்றான்.

"யாரால வேகமா நடக்க முடியலியோ அவள முன்னாடி வுடுவோம். அவ நடக்கறதுதான் எல்லாருக்கும் நட. தெடமா இருக்கறவ கடைசியில வருவா. ஒருத்தி கால் வழுக்கினா அவளுக்கு முன்னாடி போறவ நிப்பா, அவளுக்கு முன்னாடி போறவ நிப்பா, அப்படியே எல்லாரும் நின்னுடுவோம். கூவணும்னுகூட இல்ல. ஒவ்வொருத்தியும் தனக்குப் பின்னாடி வரவள மட்டும் பாத்துக்கினா போதும். இத்தினி வருஷத்துல ஒரு கட்டு வயல்ல வுழுந்தது இல்ல."

"மெதுவா போறவன் முன்னாடி போனா நான் எதுக்கு இந்த வண்டி வாங்கினேன்?"

"தனியா போறப்ப பறந்துகினு போங்க, வேணான்னு சொல்லல. கூட்டமா போறப்ப, ரோட்டு ஓரத்துல நிக்கறவனுக்கு நீங்க ஒருத்தர் இல்ல, ஏழு பேரு. மொத வண்டிக்கு ஒதுங்கி மூச்சு வுடறதுக்குள்ள ரெண்டாவது வருது. மூணாவது வருது. ஓரத்துல நிக்கறவளுக்குத்தான் அது தெரியும். நான் நின்னுகீறேன்."

கங்காதரன் கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் வண்டிச் சத்தம் வெகுதூரம் வரை கேட்டது. அவளுக்கு வேலை போயிற்று என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் நாலாம் நாள் சாயங்காலம் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் அறுத்துப் போட்ட சைலன்சர். சாணி ஒட்டியிருந்தது. அன்றைக்குக் களத்துமேட்டு ரோட்டில் வரும்போது, இவன் சத்தத்தைக் கேட்டு நெற்கட்டுச் சுமந்த பெண்கள் தூரத்திலேயே ரோட்டை விட்டுச் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு கட்டு சரிந்து சேற்றில் விழுந்தது. நிறுத்தி அவனே இறங்கித் தூக்கிவிட்டானாம்.

"எங்க ஊட்டு நெல்லுதான் வேம்புலி," என்றான். "அந்தக் கட்டு இன்னா கனம் கனக்குது தெரியுமா? இத ஒட்டவெச்சிக் குடு."

வேம்புலி சிரித்துக்கொண்டே வாங்கினான். அதற்குள் தன் வண்டிக்கும் மற்ற ஐந்துக்கும் சைலன்சரைக் கழற்றி, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, ஓட்டைகளுக்குத் தகரம் வைத்துப் பற்றவைத்து முடித்திருந்தான். ஏழாவதையும் முடித்தான். எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தபோது, பந்தலுக்குள் தூங்கிய பூனை எழுந்திருக்கவில்லை. மிளகாய்ப் பானையிலிருந்த பிளக்குகள் அதற்கு முன்பே தானாக வண்டிக்குத் திரும்பியிருந்தன.

பங்குனியில் செவலையைப் பழக்குகிற வேலை ஆரம்பமாயிற்று. இடம் திருநின்றவூர் ஏரிக்கரை. தினமும் காலையில் கோவிந்தன் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, கரை வரை தள்ளிக்கொண்டு போவான். வேண்டிய பெட்ரோலுக்கு ஏழு பேரும் தங்கள் கூப்பனைக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு மாதம் வேறு யாரும் வண்டியைத் தொடவில்லை. கங்காதரன் சைக்கிளில் போய்வந்தான்.

துலுக்கானத்தின் கையில் கட்டு இருந்ததால் செவலையைக் கயிற்றில் பிடித்து நின்றவள் நாகவல்லிதான். கரையின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் கோவிந்தன். நடுவில் இருநூறு அடி. துலுக்கானம் கரைச் சரிவில் உட்கார்ந்து கையை உயர்த்துவார். கோவிந்தன் உதைத்து மெதுவாக ஓடவிடுவான். செவலை காதைத் தூக்கும், தோல் சிலிர்க்கும். உடனே, காலை ரயிலில் வந்து பக்கத்தில் நிற்கிற கன்னியம்மா புண்ணாக்கை வாயில் வைப்பாள். தின்று முடிக்கும் வரை சத்தம். தின்று முடித்ததும் சத்தமும் நிற்கும். அவ்வளவுதான், அன்றைக்கு வேலை முடிந்தது. பிறகு நாலு பேரும் அவரவர் வழியில் போவார்கள்.

காது அசையாத நாளில் துலுக்கானம் பெண்ணிடம் சொல்வார், "நாளைக்குப் பத்தடி கிட்ட வரச் சொல்லு." அவள் கரை மேல் நடந்து வந்து, அவன் முன்சக்கரம் நின்ற இடத்திலிருந்து பத்தடி அளந்து ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவாள். அப்போது பேசுகிற பேச்சுதான் பேச்சு. முதல் வாரம், இதுவரைக்கும்தான் என்பாள், அவன் சரி என்பான். இரண்டாவது வாரம் வண்டியில் எண்ணெய் ஒழுகுவதைக் காட்டினாள். மூன்றாவது வாரம் அவன், உங்கள் அப்பா கை எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"கை பரவால்ல. நீ அன்னிக்கு சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்ல? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

அவள் பத்தடியை அளந்தாள். அன்றைக்கு அவள் எடுத்து வைத்த அடிகள் கொஞ்சம் பெரியவை என்று கன்னியம்மா கவனித்தாள்.

நாற்பது அடிக்கு வந்த நாளில் கார்புரேட்டரில் தூசி அடைத்து, வண்டி வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம் விட்டது. செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரியில் பாய்ந்தது. நாகவல்லியும் பின்னால் பாய்ந்தாள். வண்டியைப் போட்டுவிட்டுக் கோவிந்தனும் பாய்ந்தான். இடுப்பளவு தண்ணீரில் மூவரும் வெகுநேரம் நின்றார்கள். கரையேறி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் துலுக்கானத்தின் எதிரே போய் நின்றான்.

அவர் அவன் ஈர வேட்டியையும், இரத்தம் கசிகிற முழங்காலையும் பார்த்தார். "இன்னிக்கு வண்டிய வுட்டுட்டு வந்தே," என்றார். "போ. மறுபடியும் இருநூறு அடியிலேந்து."

மறுபடியும் இருநூறு அடியிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை சீக்கிரம் நடந்தது. சித்திரை பாதியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே செவலை தானாக நடந்து வந்து, கோவிந்தன் மடியை முகர்ந்து புண்ணாக்கு தேடியது. துலுக்கானம் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். பிறகு இரண்டு வண்டி, மூன்று வண்டி என்று கூட்டினார்கள். கடைசியில் ஏழும் வந்தன. கரை மேல் வரிசையாக நடைவேகத்தில் போகும் ஏழு வண்டிகளைச் செவலை அசைபோட்டுக்கொண்டே பார்த்தது. அன்று சாயங்காலம் துலுக்கானமே தட்டைக் கேட்டு வாங்கினார். வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துவந்து தாலி கட்டுவதுதான் அவர்கள் வழக்கம். பெண் என் வண்டியில்தான் வருவாள், செவலைதான் இழுப்பான், ஏழு மோட்டாரும் அவன் பின்னாலேயே வரட்டும் என்றார் துலுக்கானம். பெண்ணழைப்புக்கு மாப்பிள்ளை போகிற வழக்கம் இல்லையே என்று யாரோ இழுத்தபோது, கடைசி வண்டி அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும், பார்த்துக்கொண்டு வருகிறவன் அவன்தான் என்று முடித்துவிட்டார்.

அதற்கு முந்தின வாரம் ஏழு பேரும் ஒரு முறை போய்ப் பார்த்தார்கள். மெதுவாகப் போகிற கிழட்டு வண்டியை முன்னால் விட்டு, கங்காதரனை நடுவில் போட்டார்கள். கடைசி வண்டியில் கோவிந்தன் பின்னால் கன்னியம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள். மோட்டார் சைக்கிளில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து போவதைப் பார்த்து, வழியில் சேக்காடு ஊரில் ஒருத்தி துடைப்பத்தைக் கீழே போட்டாள். அங்கே நவரைப் பட்டத்து நெல்லை ரோட்டில் பாதிக்குக் காயப்போட்டிருந்தார்கள். முதல் வண்டி நின்றது, ஏழும் நின்றன. எஞ்சினை நிறுத்தி, நெல்லுக்கு ஓரமாக ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த குப்பம்மா என்ற கிழவி முதலில் திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஒரு மணி நெல் நசுங்காமல் ஏழாவது வண்டியும் தாண்டியபிறகு, இருங்கடா என்று நிறுத்தி ஆளுக்கு ஒரு சொம்பு நீர்மோர் கொடுத்தாள். பெரிய வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் கங்காதரனையும் ஏண்டா என்றுதான் கூப்பிட்டாள். அவனும் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் பெண்ணழைப்பு கிளம்பியது. செவலையின் கொம்புக்கு மஞ்சளும் குங்குமமும், கழுத்தில் சாமந்தி மாலை. கூண்டு கட்டிய வண்டியில் நாகவல்லியும் அவள் பக்கத்துப் பெண்கள் நாலு பேரும். துலுக்கானம் குணமான கையால் கயிற்றைப் பிடித்து முன்னால் உட்கார்ந்தார். மாட்டின் நடைக்கு மோட்டார் ஓட்டுவது லேசில்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் கொதித்துவிடும். அதனால் வேம்புலி ஒரு வழி சொல்லியிருந்தான். முறை வைத்து இரண்டு வண்டி மட்டும் உயிரோடு மாட்டின் பின்னால் ஊரும். மற்ற ஐந்தும் நின்று ஆறி, பிறகு வந்து சேர்ந்துகொள்ளும். நெமிலிச்சேரிப் பள்ளத்தைத் தாண்டும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். செவலை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்குள் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். வழியில் வந்த கட்டைவண்டிக்காரர்கள் தங்கள் மாட்டை ஓரங்கட்டி நிறுத்தி, இதென்ன கூத்து என்று வேடிக்கை பார்த்தார்கள்.

பட்டாபிராம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. ரயில் சத்தத்தோடு இதுவும் சேர வேண்டாம் என்று அங்கே வந்து சேர்ந்துவிட்ட ஏழு பேரும் எஞ்சினை நிறுத்தினார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய் முடிந்தன. கேட்டைத் திறந்தார்கள். துலுக்கானம் நாக்கைத் தட்டினார்.

செவலை நகரவில்லை.

வாலைத் தொட்டார். நகரவில்லை. இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். நாலு காலையும் ஊன்றி நின்றது. எதிர்ப்பக்கம் லாரி ஒன்று பொறுமையிழந்து உறுமியது. வண்டிக்குள் பாட்டு நின்றது. கூண்டின் திரையை விலக்கி நாகவல்லி எட்டிப் பார்த்தாள். கோவிந்தனுக்கு ஏரியில் பாய்ந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அவன் பின்னால் உட்கார்ந்து வந்த கன்னியம்மா குதித்து முன்னால் ஓடினாள்.

துலுக்கானம் மாட்டின் முகத்துக்கு நேரே போய்க் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். காதுகள் விறைக்கவில்லை. இரண்டும் பின்பக்கம் திரும்பியிருந்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார்.

"பயம் இல்லம்மா," என்றார் கன்னியம்மாவிடம். "பின்னாடி சத்தம் வரலன்னு நிக்கறான். ஆளுங்க வராங்களா இல்லியான்னு பாக்கறான்."

பிறகு வரிசையின் கடைசிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார். அவ்வளவு நாளும் கோவிந்தனை ஏய் என்றும் அந்தப் பையன் என்றும்தான் சொல்லி வந்தார்.

"மாப்ள, உன் வண்டிய உதைப்பா. நீ வந்தாத்தான் வருவானாம்."

கோவிந்தனின் கால் முதல் தடவை நழுவிவிட்டது. இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவனுக்கு முன்னால் ஒவ்வொன்றாக மற்ற ஆறும் சேர்ந்துகொண்டன. செவலை ஒரு தடவை தலையை ஆட்டி மணியைக் குலுக்கிவிட்டு முன்னங்காலை எடுத்து வைத்தது. வண்டிச் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறி இறங்கின. உள்ளே நாகவல்லி சிரிக்கிற சத்தம் கேட்டது. மணப்பெண் இப்படியா சிரிப்பாள் என்று ஒருத்தி அதட்ட, அதைக் கேட்டு மற்றவர்களும் சிரித்தார்கள்.

ஏறிக்கொள் அக்கா என்று கோவிந்தன் கூப்பிட்டான். கன்னியம்மா கையை அசைத்து வேண்டாம் என்றாள். இந்த வேகத்துக்கு வண்டி எதற்கு? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செவலையின் கழுத்தில் ஒரு கையை வைத்தபடி, சேக்காடு வரை பேசிக்கொண்டே கூட நடந்தாள்.